டல்லாஸ் நகரத்துப் பொருட்காட்சித் திடலின் சரிதம்

திருவிழா முடிந்த மறுநாளே பந்தற்கால்களைப் பிடுங்கிவிடுவார்கள், கடைகள் கலைந்துபோம், மறு வருஷம் வரையில் திடல் வெறுமையாய்க் கிடக்கும். பொருட்காட்சித் திடலென்றால் நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம் இவ்வளவே. ஆயின், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து டல்லாஸ் நகரில், வருஷத்தில் 24 நாட்கள் பொருட்காட்சிக்கும், எஞ்சிய நாட்கள் வேறு பல காரியங்களுக்கும் பயன்படும் திடலொன்று உளது. 277 ஏக்கர் பரப்புள்ள அதன் பெயர் ‘ஃபேர் பார்க்’ என்பது. அதன் சரிதத்தை நேயர்களுக்கு ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

1886-ம் வருஷத்தில் அந்நகரத்துப் பிரமுகர் சிலர் கூடி, ஊருக்குக் கிழக்கே 80 ஏக்கர் நிலத்தில் பொருட்காட்சி தொடங்கினர். அந்நிலம் சேற்று நிலமென்று பழித்த உழவுக்கருவி வியாபாரிகள், அவ்வருஷமே ஊருக்கு வடக்கே போட்டியாக மற்றொன்று நடத்தினர். மறு வருஷம் இரண்டும் ஒன்றாயின. குதிரைப் பந்தயச் சூதாட்டமே பெருவருவாயாயிருந்தது. 1902-ல் பிரதான மண்டபம் தீக்கிரையாயிற்று; 1903-ல் மாகாணச் சட்டசபை அச்சூதாட்டத்தைத் தடுத்தது. இவ்விரு இடிகளையும் தாங்கமாட்டாமல், 1904-ல் திடலை நகரசபைக்கே விற்றனர். இலையுதிர் காலந்தோறும் சில நாட்கள் பொருட்காட்சிக்கு ஒதுக்கித் தரவேண்டுமென்பதே உடன்படிக்கை. இங்ஙனம் தனியார் நிலம் ஊரார் பொதுச் சொத்தாயிற்று.

அதன்பின் திடல் ஓய்ந்திருக்கவில்லை. 1918-ல், யுத்த காலத்தில், விமானப்படை வீரர்களின் பயிற்சி முகாமாயிற்று. 1925-ல் சங்கீத மண்டபமும், 1930-ல் 46,000 பேர் அமரத்தக்க பந்தாட்ட அரங்கும் எழுந்தன. டெக்ஸாஸ் சுதந்தரமடைந்த நூற்றாண்டு விழா 1936-ல் இங்கேயே நடைபெற்றது. ஜார்ஜ் டால் என்னும் சிற்பியின் மேற்பார்வையில் பல மண்டபங்கள் எழுந்தன. 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து கண்டனர்.

ஆனால், பொதுச் சொத்து என்று பெயரிட்ட மாத்திரத்தால் ஒரு நிலம் எல்லார்க்கும் பொதுவாகிவிடுமோ? அந்நூற்றாண்டு விழாவிலே கறுப்பினத்தார் தம் கல்வி, தொழில், கலைகளைக் காட்ட ஒரு மண்டபம் வேண்டினர். மாகாணச் சர்க்கார் பணந்தர மறுத்தது. மத்திய சர்க்கார் ஒரு லட்சம் டாலர் அளித்தது. டெக்ஸாஸ் அடிமைகள் விடுதலையுற்ற ஜூன் 19-ந் தேதியிலேயே அம்மண்டபம் திறக்கப்பெற்றது. நாலு லட்சம் பேருக்குமேல் அதனைக் கண்டனர். எனினும், மறு வருஷத்துக் காட்சி தொடங்குமுன்னரே அதனை இடித்துத் தள்ளினர்.

பொருட்காட்சியிலும் அவர்களுக்கென்று தனியே ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. மற்றைய நாட்களில் இராட்டினம் முதலிய கேளிக்கைகளிலும் உணவுச் சாலைகளிலும் அவர்க்குச் சம உரிமை இல்லை. வரி கொடுப்பார்க்கு வருஷமெல்லாம் கடமை. வாயில் திறப்பதோ ஒரு நாள்! 1955-ல், ஜுவானிதா கிராப்ட் என்னும் மாதரசியார் ஊக்க, இளைஞர்கள் அந்தத் தனிநாளிலேயே மறியல் செய்தனர். தங்களுக்கு விழாவென்று சொல்லப்பட்ட நாளை வேண்டாமென்று அவர்களே விலக்கியதுதான் அதன் பெருமை. 1960-களில் அத்தனிநாள் ஒழிந்தது; தடைகளும் நீங்கின. ஆயினும், அப்பத்தாண்டின் இறுதியிலேயே, மோட்டார் வண்டிகள் நிறுத்த இடம் வேண்டுமென்று திடலை அடுத்திருந்த கறுப்பினத்தார் வீடுகளை நகரசபை சட்டப்படி கைக்கொண்டது. விலை நியாயமன்றென்று வீட்டுக்காரர்கள் வழக்காடினர். வாயிலைத் திறந்தவர்களே வாசலைப் பறித்தனர் எனலாம்.

காலம் சிறிது ஈடு செய்துளது. 1986-ல் அத்திடல் தேசிய சரித்திரச் சின்னமாக அங்கீகரிக்கப்பெற்றது. 1993-ல் கறுப்பினத்தார் சரித்திரத்தையும் கலையையும் காட்டும் காட்சிச்சாலை, வருஷமுழுதும் விளங்குமாறு, அத்திடலிலேயே திறக்கப்பெற்றது. கொள்ளை நோயால் 2020-ல் பொருட்காட்சி நின்றது. 2021-ல் அத்திடலே ஜனங்கள் திரண்டு வந்து தடுப்பூசி போட்டுக்கொள்ளும் இடமாயிற்று. அன்று வந்தோரை எவரும் எந்த இனத்தாரென்று கேட்டுத் திருப்பவில்லை.

அன்பர்களே! பொதுநிலத்தின் சிறப்பு விழா நாளின் கூட்டத்தாலும் மண்டபங்களின் உயரத்தாலும் அளக்கப்படுவதன்று. விழாவில்லா நாட்களில் யார் அதனுள் நுழையலாம், யார் அதன் அயலில் நிலைத்து வாழலாம் என்பதே அளவுகோல். பொதுவிடம் பேணும் எச்சமூகத்தாரும் இவ்வளவுகோலை முதலில் தம்மிடத்தே வைத்துப் பார்த்தல் நலமென்பது நம் கருத்து.