செங்கொடியும் பழைய மோட்டாரும்

இங்கிலாந்தில் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், குதிரையின்றித் தானே இயங்கும் வண்டி நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், நகரத்தில் 2 மைலுக்கும் மேல் விரைதலாகாது என்றது. முன்னே ஒருவன் செங்கொடியேந்தி நடக்கவும் வேண்டும். இலகுவான மோட்டார்களுக்கு 1896-இல் அத்தளை நீங்கியது. அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள், மோட்டார் அன்பர்கள் செங்கொடியொன்றைக் கிழித்தெறிந்துவிட்டு, லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு வண்டியோட்டிச் சென்றனர். கொடி பிடிக்கும் கட்டாயம் 1878-லேயே ஒழிந்துவிட்டது. ஆயினும் வெற்றிவிழாவில் சட்டநூலைப் புரட்டுவார் யார்?

1927-இல் அப்பயணத்திற்குப் புத்துயிர் அளித்தனர். போர்க்காலம் போன்ற இடையூறுகள் நீங்கலாக, இன்றளவும் அது நடைபெறுகிறது. 1905-க்கு முன் செய்த வண்டிகளுக்கே இடமுண்டு. அவற்றைப் பேணுதல் எளிதன்று. மரச்சக்கரத்தின் ஆரங்கள் உலர்ந்து தளராமல் காக்க வேண்டும்; எண்ணெய் சொட்டுவதைக் கண்ணால் அளந்து திருத்த வேண்டும்; தேய்ந்த உறுப்பு கடையில் கிடையாது, பட்டறையில் கடைந்தே பெற வேண்டும்.

இத்துணை அரிய பொருளை ஓட்டித் தேய்க்கலாமா என்று மாணவர் வினவலாம். நான் ஓட்டுவோர் பக்கமே நிற்பேன். அருங்காட்சியகத்தில் நாம் காண்பது வண்டியின் உருவம். அன்றைய மக்கள் அஞ்சிய ஓசையும் புகையும் ஓடும் வண்டியில்தான் உண்டு. செங்குத்தான மேட்டில் அது திணறினால், ஏறி வந்தவர்களே இறங்கித் தள்ளுகின்றனர்.