மூலபாடமும் 79 நாட்களும்

ஏட்டுச்சுவடியில் ஓர் எழுத்து மாறியதற்காக ஆண்டுக்கணக்கில் வாதிட்ட புலவர் மரபு நம்முடையது. பாடபேதம், இடைச்செருகல், மூலபாடம் ஆகிய சொற்கள் எத்தனை நட்புகளைக் குலைத்திருக்கின்றன என்பதை இப்பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு குளிர்பானத்தின் மூலபாடத்துக்காக ஒரு நாடே மல்லுக்கு நின்றதும் உண்டு. 1985ஆம் ஆண்டுக் கோடையில், தொண்ணூற்றொன்பது ஆண்டுகளாக விற்றுவந்த தன் பானத்தின் சுவையை கோகோ-கோலா நிறுவனம் மாற்றியது. 79 நாட்களில் தலைகுனிந்து பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. வணிக மேலாண்மை நூல்கள் இக்கதையை ஒரு பிழையின் எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டன. நமக்கு அதில் வேறொரு கேள்வி உண்டு. அந்தக் கோடையில் அம்மக்கள் எதைப் பறிகொடுத்ததாகக் கருதினார்கள்?

அட்லாண்டா நகரின் மருந்தாளர் ஜான் பெம்பர்டன் 1886இல் உருவாக்கிய பானம் அது. மருந்துக்கடையில் ஒரு குவளை ஐந்து சென்ட். எழுபது ஆண்டுகளை ஒட்டிய காலம் அந்த ஐந்து சென்ட் விலை ஏறவேயில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பாட்டன் கொடுத்த அதே நாணயத்தைப் பேரனும் கொடுத்து அதே புட்டியை வாங்கினான். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது நிறுவனத் தலைவர் ராபர்ட் உட்ரஃப் ஓர் ஆணை பிறப்பித்தார்: சீருடை அணிந்த ஒவ்வொருவருக்கும், அவர் எங்கிருந்தாலும், நிறுவனத்துக்கு என்ன செலவானாலும், ஐந்து சென்டுக்கு ஒரு புட்டி கிடைக்க வேண்டும். அதற்காகப் போர்முனைகளை ஒட்டி 64 ஆலைகள் எழுந்தன. 500 கோடிக்கும் மேற்பட்ட புட்டிகளைப் படையினர் பருகினர். தேசப்பற்றும் வணிகக் கணக்கும் இதில் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று பிரித்தறிவது கடினம். பசிபிக் தீவொன்றில் வெயிலில் நின்று அந்தப் புட்டியைத் திறந்த இருபது வயது இளைஞனுக்கு அந்தப் பகுப்பாய்வு தேவைப்பட்டிருக்காது. அவனுக்கு அது வீட்டின் சுவை.

போர் முடிந்த காலத்தில் நிறுவனத்தின் கையில் சந்தையின் சுமார் 60 விழுக்காடு இருந்தது. 1983இல் அது 24 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 1975இல் டல்லஸ் நகரில் பெப்சி தொடங்கிய 'பெப்சி சவால்' அந்தப் புண்ணில் உப்பைத் தடவியது. பெயர் மறைத்த இரு குவளைகளில் ஒவ்வொரு மிடறு சுவைத்தவர்களில் பெரும்பாலோர் சற்றுக் கூடுதல் இனிப்பான பெப்சியையே சுட்டினர். நிறுவனம் தானே சோதித்துப் பார்த்தபோதும் அதே விடைதான் வந்தது. கியூபாவில் பிறந்த வேதியியல் பொறியாளர் ராபர்ட்டோ கோய்சுவெட்டா அப்போது தலைமைப் பொறுப்பில் இருந்தார். 'கேன்சஸ் திட்டம்' என்ற மறைபெயரில் புதிய கலவை ஒன்று உருவானது. கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரிடம் அதைச் சுவைக்கக் கொடுத்தார்கள். பழைய கோக்கையும் பெப்சியையும் புதியது வென்றது.

ஆக, ஆராயாமல் செய்த காரியம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அக்காலத்தில் எந்த உணவுப் பொருளுக்கும் இவ்வளவு விரிவான சோதனை நடந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் கேட்ட கேள்வியில் ஒரு குறை இருந்தது. இரண்டில் எது சுவை என்று கேட்டார்கள். பிடித்த ஒன்றின் பெயரைச் சொல்ல நாக்குக்கு என்ன தயக்கம்? மற்றது இனி எக்காலத்திலும் கிடைக்காது, சம்மதமா என்று அந்தக் குவளைகளுக்கு முன்னால் எவரும் கேட்கவில்லை. சுவைத்தவர்களில் பத்திலிருந்து பன்னிரண்டு விழுக்காட்டினர் மட்டும், இதுதான் இனி கோகோ-கோலாவா என்ற எண்ணத்துக்கே சினந்தார்கள். குழுவாக அமர்த்திப் பேசவைத்தபோது அந்தச் சிலரின் சினம் மற்றவர்களையும் தொற்றிக்கொண்டது. அந்த அறிகுறியை நிறுவனம் கண்டது. கண்டும் எண்ணிக்கையையே நம்பியது. எண்ணிக்கையை நம்பியவர்களைக் குறைசொல்ல நமக்கும் நா எழவில்லை. இரண்டு லட்சம் பேர் ஒரு பக்கம் நிற்கையில் அறையின் மூலையில் முகம் சுளிப்பவரை யார் பொருட்படுத்துவார்கள்?

உட்ரஃப் 1985 மார்ச் 7 அன்று தம் 95ஆம் வயதில் காலமானார். ஏப்ரல் 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் மையத்தில் புதிய சுவை அறிவிக்கப்பட்டது. அதே வாரத்தில் பழைய பானத்தின் உற்பத்தி நின்றது. பெப்சி நிறுவனமோ வெற்றி தனதே என்று நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்துத் தன் ஊழியர்களுக்கு விடுமுறையும் அளித்தது.

பிறகு வந்தன தொலைபேசி அழைப்புகள். வழக்கமாக நாளொன்றுக்கு நானூறு அழைப்புகள் வரும் அலுவலகத்துக்கு ஜூன் மாதத்தில் ஆயிரத்து ஐந்நூறு வந்தன. கடிதங்களையும் சேர்த்தால் மொத்தம் நான்கு லட்சம் என்பது கணக்கு. அழைப்புகளை உடனிருந்து கேட்க நிறுவனம் ஒரு மனநல மருத்துவரை அமர்த்தியது. சிலர் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்ததைப் போலப் பேசுகிறார்கள் என்று அவர் சொன்னதாகப் பதிவு. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் ஒருவர் ஆலைக்கே வண்டியோட்டிச் சென்று ஆயிரம் டாலருக்குப் பழைய பானம் வாங்கி வைத்தார். தென்மாநிலங்களில் காயம் இன்னும் ஆழம். அங்கே பிறந்து அங்கேயே தலைமையகம் கொண்ட பானம் நியூயார்க்கின் பெப்சியைப் போல இனிக்கத் தொடங்கியதை, உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கத்தியரிடம் இரண்டாம் முறை சரணடைந்ததாகவே சிலர் கண்டார்கள். ஃபிடல் காஸ்ட்ரோ தம் பங்குக்கு இது அமெரிக்க முதலாளித்துவத்தின் சீரழிவு என்றார். காஸ்ட்ரோவின் ஆட்சிக்கு அஞ்சி நாட்டைத் துறந்த கோய்சுவெட்டாவின் தந்தைக்கும் புதிய பானத்தில் மனம் ஒப்பவில்லை. தம் தந்தை காஸ்ட்ரோவோடு ஒத்துப்போனது அந்த ஒருமுறைதான் என்று மகன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இக்கதையின் மைய மாந்தர் என்று நாம் கருதுவது கே மல்லின்ஸ் என்பவரை. சியாட்டில் நகரவாசி, நிலமுதலீட்டில் ஈடுபட்டு ஓய்வுபெற்றவர். மே மாத இறுதியில் 'அமெரிக்கப் பழைய கோலா அருந்துவோர்' என்ற சங்கத்தை நிறுவி வழக்கும் தொடுத்தார். தமக்குப் பெப்சியே பிடிக்கும் என்று சொன்ன நீதிபதி ஒருவர் அதைத் தள்ளுபடி செய்தார். வேடிக்கை அதோடு முடியவில்லை. பெயர் மறைத்து நடத்திய எளிய சோதனைகளில் மல்லின்ஸால் பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியவில்லை. ஒருமுறை புதியதையே சிறந்தது என்றார். பத்திரிகைகள் கைகொட்டிச் சிரித்தன.

அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள நமக்கு மனமில்லை. ஏனெனில் ஏமாந்தது மல்லின்ஸின் நாக்கு மட்டுமன்று. மக்கள் காக்க முனைந்த அந்த மூலபாடமே நெடுநாள் இடைச்செருகலுக்கு உள்ளாகியிருந்தது. கோகோ இலையின் போதைச்சத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டுவிட்டது. 1980இல் கரும்பு, பீட்ரூட் சர்க்கரையில் பாதியளவுக்கு மக்காச்சோளப் பாகைச் சேர்க்க ஆலைகளுக்கு அனுமதி கிடைத்தது. புதிய கோக் வருவதற்குச் சுமார் ஆறு மாதங்களுக்கு முன், அமெரிக்க ஆலைகள் சர்க்கரையை முழுவதுமாகவே விட்டுவிடலாம் என்றானது. அதற்கு ஊர்வலம் இல்லை, சங்கம் இல்லை, வழக்கும் இல்லை. புட்டியின்மேல் எழுதியிருந்த பெயர் மாறவில்லை அல்லவா? மாற்றத்தைச் சொல்லாமல் செய்தபோது அமைதி, மேடையேறி அறிவித்தபோது கலகம். நிறுவனத்தின் பிழை அறிவித்ததுதான் என்று குறும்பாகச் சொல்லலாம். ஆனால் மக்கள் முட்டாள்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஐந்து சென்ட் நாணயம், போர்முனைப் புட்டி, மருந்துக்கடை முக்காலி ஆகியவற்றைச் சேர்த்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளாக விற்றது நிறுவனமேயன்றோ. அவற்றையும் சேர்த்துக் குடித்தவர்களிடம், இனிப்பின் அளவு மட்டும்தான் பானம் என்று திடீரெனச் சொன்னால் அவர்கள் எப்படி ஏற்பார்கள்?

2004இல் ரீட் மான்டேகு என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு மூளைப்படக் கருவிக்குள் ஆட்களைக் கிடத்தி இவ்விரு பானங்களையும் புகட்டியது. பெயர் தெரியாதபோது விருப்பம் ஏறத்தாழச் சரிபாதி. கோக் என்று முன்கூட்டியே தெரிந்தபோது நினைவோடு தொடர்புடைய மூளைப்பகுதிகள் சேர்ந்து இயங்கின. பெயரும் சுவையின் ஒரு பகுதி என்பதற்கு அறிவியலின் சான்று வர 19 ஆண்டுகள் ஆயின; மல்லின்ஸுக்கு அது முன்பே தெரியும் போலும்.

ஜூலை 10 பிற்பகலில் ஏ.பி.சி. தொலைக்காட்சி 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரை நடுவில் நிறுத்திச் செய்தி சொன்னது: பழைய கோக் திரும்ப வருகிறது. ஆர்கன்சா மாநிலத்தின் டேவிட் பிரையர் செனட் சபையில் எழுந்து இது நாட்டின் வரலாற்றில் பொருள்மிக்க தருணம் என்றார். முதல் பெட்டி மல்லின்ஸுக்குப் போனது. எல்லாமே விற்பனையைப் பெருக்க நடத்திய நாடகம் என்ற ஐயத்துக்கு, நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான டொனால்ட் கியோ சொன்ன மறுமொழி புகழ்பெற்றது: நாங்கள் அவ்வளவு முட்டாள்களும் அல்லர், அவ்வளவு கெட்டிக்காரர்களும் அல்லர்.

இந்தப் பூசலின் ஒரு மிடறுகூட நமக்குக் கிட்டவில்லை. அந்நியப் பங்குகளைக் குறைக்கச் சொன்ன சட்டத்துக்கு இணங்க மறுத்து, கலவை இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று சொல்லி 1977இல் இந்தியாவை விட்டுப்போன நிறுவனம் 1993இல்தான் திரும்பி வந்தது. இடையில் அமெரிக்காவில் ஒரு பானம் செத்துப் பிழைத்த கதை நமக்கு நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி மட்டுமே.

புதிய கோக் பின்னர் 'கோக் 2' என்று பெயர் மாற்றப்பட்டு 2002 வரை ஒரு மூலையில் கிடந்தது. 2019இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்காகச் சில நாட்கள் தலைகாட்டியது. திரும்பி வந்த பழையதன் மேல் ஒட்டியிருந்த 'கிளாசிக்' என்ற சொல்லை 2009இல் நீக்கினார்கள். அதற்குள்ளும் இருந்தது மக்காச்சோளப் பாகுதான். யூதர்களின் பாஸ்கா பண்டிகையில் சோளம் விலக்கு என்பதால், ஆண்டுதோறும் வசந்தத்தில் சில வாரங்கள் மட்டும் மஞ்சள் மூடியிட்டு, சர்க்கரையில் செய்த கோக் அமெரிக்கக் கடைகளுக்கு வருகிறது. பண்டிகைக்குத் தொடர்பில்லாத பலரும் அந்த மூடியைத் தேடிப்பிடித்து வாங்கிச் செல்கிறார்கள்.