பழைய பெயிண்டும் பச்சைக் குழந்தையும்



மாசமாக இருப்பவள் உள்ள வீட்டில் இடித்துக் கட்டாதே என்பார்கள் நம் பெரியவர்கள். நாவலூரில் மகன் வாங்கிய பழைய ஃபிளாட்டில் இப்போது மராமத்து நடக்கிறது. மருமகளுக்கு ஆறாம் மாதம், பேரனுக்கு இரண்டு வயது. அதனால்தான் இந்த வரலாறு.

1904-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சு வராந்தாக் கம்பிகளின் பெயிண்டிலிருந்து வருகிறது என்று எழுதினார். குழந்தை தொட்ட கையை வாயில் வைக்கும் அல்லவா?

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் எனாமல் அடித்த கதவு, ஜன்னல், கிரில்லைத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். அது தாயின் இரத்தம் வழியே கருவையும் சேரும்.

மருமகளும் பேரனும் இப்போது தாம்பரத்தில் எங்களோடு இருக்கிறார்கள். வேலை முடிந்து, ஈரத்துணியால் வீடு முழுக்கத் துடைத்த பிறகே திரும்புவார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியே செய்யுங்கள்.