தாதிமைப் பயிற்சி: பெரியவர், பிரசவித்த அம்மா, பச்சைக் குழந்தை - மூவரையும் கவனிக்க என்ன கற்றுத் தருகிறார்கள்?

எஸ்.பி.எம். முடிச்சாச்சு, அடுத்து தாதிமை படிக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? பத்து பெரண்டாம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது எங்கேயோ தூரத்தில் நடக்கும் படிப்பு இல்லை. சில கிலோமீட்டரில் மலாக்கா மருத்துவமனை. அதே ஜாலான் முஃப்தி ஹாஜி கலீல் சாலையில்தான் சுகாதார அமைச்சின் தாதிமைப் பயிற்சிக் கழகமும் இருக்கிறது.

'மிஸ்ஸி வேலைன்னா ஊசி போடுறது, பிரஷர் பார்க்கிறது' என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது வேலையின் ஒரு பகுதிதான். எல்லாரும் 'சரியாயிடுச்சு' என்று மூச்சு விடும் நேரத்தில் கண்ணை எடுக்காமல் இருப்பதுதான் இந்தப் பயிற்சியில் பிடிபடக் கஷ்டமான விஷயம்.

டெங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கொதித்த காய்ச்சல் இறங்குகிறது. வீட்டில் நிம்மதி. ஆனால் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போகும் ஆபத்து அப்போதுதான் அதிகம். கை கால் சில்லிடுகிறதா, வயிறு வலிக்கிறதா, சிறுநீர் குறைகிறதா என்று பெரியவர்கள் வார்டில் பயிற்சித் தாதி திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான். மூச்சு எண்ணுவதைச் சில பேர் சும்மா ஒப்புக்குச் செய்வார்கள். உடல்நிலை மோசமாகும்போது பல நேரம் முதலில் மாறுவது அந்த எண்ணிக்கைதான்.

பிரசவ வார்டிலும் இதே கதை. குழந்தை பிறந்ததும் எல்லார் கண்ணும் குழந்தை மேல். அம்மாவுக்கு ரத்தப்போக்கு 500 மில்லிலிட்டரைத் தாண்டினால் அது அவசர நிலை. பெரும்பாலும் காரணம், கர்ப்பப்பை இறுகாமல் தளர்ந்து கிடப்பது. தாதி அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார். மெத்தென்று இருந்தால் தேய்த்து இறுக வைக்கிறார், உடனே ஆள் கூப்பிடுகிறார். ரத்தத்தைக் கண்ணால் பார்த்து அளவு சொன்னால் பெரும்பாலும் குறைவாகத்தான் சொல்வோம். அதனால் நனைந்த பேடைத் தராசில் வைக்கிறார்கள். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால், 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லிலிட்டர். சாதாரணக் கணக்குதான், ஆனால் அதில் ஓர் உயிர் நிற்கிறது.

குழந்தைக்கு வருவோம். பிறந்த 1 நிமிடத்திலும் 5 நிமிடத்திலும் நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்தையும் பார்த்து 10-க்கு எத்தனை என்று குறிப்பதே அப்கார் மதிப்பெண். ஆனால் மூச்சு விடாத குழந்தைக்கு இந்த மதிப்பெண் வரும்வரை காத்திருக்கக் கூடாது; முதல் நிமிடத்துக்குள்ளேயே காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பொம்மை உடலை வைத்து இதைப் பழகுகிறார்கள், கை தானாகச் செய்யும் வரை.

வீட்டுக்கு வந்த பிறகு

நம் நாட்டு முறையின் பலம் மருத்துவமனைக்கு வெளியேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கிளினிக்கில் கர்ப்பிணியின் புத்தகத்தில் ஒரு நிற ஸ்டிக்கர் பார்த்திருப்பீர்கள். வெள்ளை என்றால் தாதி பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணர். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. எந்த நிறம் ஒட்டுவது என்று முதலில் கணிப்பது பெரும்பாலும் தாதியே.

பிரசவத்துக்குப் பின் சமூக தாதி வீடு தேடி வருகிறார். குழந்தை மஞ்சளாகிறதா, அம்மாவுக்குக் காய்ச்சலா, மனசு சோர்ந்திருக்கிறாரா என்று பார்க்கிறார். இங்கே தமிழ் தெரிந்த தாதிக்குத் தனி மதிப்பு உண்டு. ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று மலேசியாவில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதிக்கிறார்கள். இந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு, அலமாரியில் போடும் அந்துருண்டையின் வாடை பட்டாலே ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றலாம். பாட்டி பத்திரமாக எடுத்து வைத்த பழைய துணியில் அந்த வாடை இருக்குமே! 'அம்மா, இதைத் துவைக்காம போடாதீங்க' என்று பாட்டியின் மனசு நோகாமல் சொல்வதும் ஒரு திறமை.

இதையெல்லாம் நம் குடும்பங்கள் முன்பு எப்படிச் சமாளித்தன? ரப்பர் தோட்டத்தில் டிரெசரும் மருத்துவச்சியும்தான் கதி. சுதந்திரம் பெற்ற 1957 வாக்கில் லட்சம் பிறப்புக்கு 280 தாய்மார்கள்போல இறந்தார்கள். 2020-இல் அது 24.9. கோவிட் உச்சத்தில் இருந்த 2021-இல் 68.2-க்கு ஏறியது. இறங்கிய எண் இறங்கியபடியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எப்படிச் சேருவது?

டிப்ளோமா 3 ஆண்டு, ஆண்களும் படிக்கலாம். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம் மூன்றிலும் கிரெடிட் முக்கியம். மற்ற நிபந்தனைகளை மலேசியத் தாதியர் வாரியத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும். வாரியத் தேர்வில் தேறி, 1950 தாதியர் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்த பிறகுதான் வேலை. அதன் பின் ஒவ்வோர் ஆண்டும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: டிப்ளோமாவில் பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் பயிற்சி இருந்தாலும், பிரசவம் பார்ப்பது தனித் துறை. 1966 பிரசவத் தாதியர் சட்டத்தின்படி தனிப் பதிவு என்ற முறையில்தான் அது வளர்ந்தது. தாதியான பிறகு மேற்பயிற்சி எடுத்து அதற்குள் போகலாம். தீவிரச் சிகிச்சை, சிறுநீரகம், பச்சிளங்குழந்தை எல்லாவற்றுக்கும் அப்படித் தனிப் பயிற்சிகள் உண்டு.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? தாதியர் வாரியம் இந்தப் படிப்பை ஏற்றிருக்கிறதா? ஒன்று மட்டும் இருந்தால் போதாது. கூடவே, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், பிரசவ வார்டில் எத்தனை வாரம் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு கல்லூரி பாருங்கள், பி.டி.பி.டி.என். கடனைக் கட்டப்போவது நீங்கள்தான்.