சாளரத்தில் சிக்கிய சாளேஸ்வரம்

ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவதற்கும், செய்தித்தாளைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பதற்கும் நம் பாட்டிமார் வைத்த பெயர் சாளேஸ்வரம். சாளரம் வழியே பார்ப்பதுபோலக் கண்ணாடி வழியே பார்க்க நேர்வதால் இப்பெயர் வந்ததென்று அண்மையில் ஒருவர் மேடையில் முழங்கினார். கைதட்டலும் கிடைத்தது.

சாளரம் நல்ல சொல்தான். சிலம்பின் மனையறம்படுத்த காதையில் தென்றல் நுழைவதே சாளரத்தின் குறுங்கண் வழியாகத்தான். ஆனால் சாளேஸ்வரம் என்பது நோய்; அதற்குப் போடுவது சாளேஸ்வரக் கண்ணாடி. மருந்தைப் பார்த்தா நோய்க்குப் பெயர் வைப்பார்கள்? சாளரத்தின் ரகரம் எப்படி ஸ்வரம் ஆயிற்று என்பதற்கும் அவரிடம் விடையில்லை.

இதே கூட்டத்தார்தான் பொன்னாங்கண்ணியைப் 'பொன் ஆம் காண் நீ' என்று பிரிப்பவர்கள். கீரை கண்ணுக்கு நல்லதாக இருக்கட்டும், இலக்கணத்துக்கு நல்லதில்லை. இன்னொரு சாரார், கண்ணாடி என்ற சொல் இருப்பதைக் கொண்டே பழந்தமிழர் மூக்கில் கண்ணாடி மாட்டிவிடுகிறார்கள். குறுந்தொகை எட்டாம் பாட்டின் ஆடிப் பாவை, எதிரே நிற்பவர் கைகால் தூக்கத் தானும் தூக்குகிறது. அது முகம் பார்க்கும் ஆடி. திருப்பாவை கேட்கும் தட்டொளியும் அதுவே. முகம் பார்க்கும் பொருளின் பெயரைத்தான் பின்னால் கண்ணுக்கு மாட்டிய வில்லைக்கும் நீட்டிக்கொண்டோம். வேறுபடுத்துவதற்காக முன்னால் 'மூக்கு' சேர்ந்தது. தெலுங்கர் நேரெதிர்: அத்தம் என்ற ஆடிக்கு முன்னால் கண்ணைச் சேர்த்து 'கள்ளத்தாலு' என்றார்கள்.

அந்த வில்லை பிறந்தது இத்தாலியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1306இல் ஃபுளோரன்சில் மறையுரை ஆற்றிய ஜியோர்டானோ என்ற துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபதாண்டு ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். அன்று செய்தவை எல்லாம் நடுவில் தடித்த குவிவில்லைகள். அதாவது உலகின் முதல் மூக்குக்கண்ணாடியே சாளேஸ்வரக் கண்ணாடி! தூரம் தெரியாதவருக்கான குழிவில்லை 15ஆம் நூற்றாண்டுவரை காத்திருந்தது. முன்னதைக் கேட்டது ஏடு படித்த முதியோர் கூட்டம். அவர்களுக்கு அது பிழைப்புப் பிரச்சினை.

இனிச் சொல்லுக்கு வருவோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக இறுகுகிறது. நாற்பதை ஒட்டி, கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அது வளைந்துகொடுப்பதில்லை. நோயின் அடையாளம் வயதே. மராத்தியில் நாற்பது 'சாளீஸ்'. அந்த வயதுக்கும், அப்போது வரும் பார்வைக் குறைக்கும், அதற்குப் போடும் கண்ணாடிக்கும் 'சாளிஷி' என்றே பெயர். கன்னடத்தில் 'சாளீசு'. தெலுங்கர் வடமொழி நாற்பதை எடுத்துச் 'சத்வாரம்' என்கிறார்கள். அக்கம்பக்கத்து மொழி மூன்றும் நாற்பதை எண்ணும்போது தமிழில் மட்டும் சன்னல் எங்கிருந்து வந்தது?

தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆட்சி. இரண்டாம் சரபோஜியின் காலத்தில் கண்நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து வைத்த மருத்துவக் குறிப்புகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஊரை அடுத்த வல்லத்தில் படிகக் கல்லை அறுத்துத் தேய்த்து மூக்குக்கண்ணாடிக்கு வில்லை செய்தார்கள். கண்ணும் கண்ணாடியும் மராத்தியும் ஒரே ஊரில் கூடியிருந்தபோது 'சாளிஷி' தமிழர் வாயில் நுழைய வேறென்ன வேண்டும்? நுழைந்தபின் வால் முளைப்பது எளிது. சுரம் என்றால் காய்ச்சல். நோய்ப்பெயர் என்பதால் சாளேசுரம் ஆயிற்று. இராமேசுரம் இராமேஸ்வரம் ஆனதைப் பார்த்துப் பழகியவர்கள் இதையும் திருத்தி ஈஸ்வரனைக் குடியேற்றிவிட்டார்கள்.

தமிழுக்கென்று சொல் இல்லாமலும் இல்லை: வெள்ளெழுத்து. கறுத்த எழுத்து வெளிறித் தெரியும் நிலையை இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியும் சொன்னதாகத் தெரியவில்லை. தனித்தமிழ் வேண்டுவோர் அதை எடுத்துக்கொள்ளலாம். சாளேஸ்வரத்துக்குப் பூணூலை அறுத்துப் பெயர்மாற்றம் செய்ய வேண்டியதில்லை.

மராத்தியிலிருந்து நேரே வந்ததா, கன்னடத்தின் வழியாகவா என்று கேட்டால் வாதத்துக்கு இடமுண்டு. என் ஓட்டு தஞ்சைக்கே.