காவடிச்சிந்தும் கரிசல் ரசனையும்

தமக்குப் பிடித்த பாட்டில் ஒருவர் காணும் தன்வயமான பொருளை ஆய்வுலகம் பெரும்பாலும் 'ரசனை' என்று ஒதுக்கிவிடுகிறது. கயத்தாறு, கழுகுமலை, கோவில்பட்டி சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் அந்த ரசனை பதிப்பு வரலாற்றிலேயே தடம் பதித்துள்ளது. அத்தடத்தை இக்கட்டுரை சுட்ட முயல்கிறது.

ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் வழிநடைக்கெனப் பாடியது காவடிச்சிந்து என்பர். ஒரு ஜமீன்தாரின் நேர்த்திக்கடனை ஒட்டிப் பிறந்த அப்பாட்டு, நடக்கும் காலுக்கு இசைந்த சந்தத்தால், காவடி தூக்கும் எவருக்கும் உரியதாயிற்று. வேண்டுதல் அவரவருடையது, சொல் மட்டும் புலவருடையது. பாடுவோர் தம் துயரையும் நன்றியையும் அதில் ஏற்றிக்கொள்ள, அச்சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

நெல்லையில் வட்டத்தொட்டி கூட்டிப் பின்னர்க் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் நெறி வேறு. கவிதையை வாய்விட்டுப் படித்து, உள்ளத்தைத் தொட்டதையே கவியென ஏற்றவர் அவர். இலக்கணச் சுமையில் புதைந்திருந்த கம்பனைப் பலருக்கும் நெருக்கமாக்கிய பெருமை அவருக்குண்டு. ஆனால் தம் உள்ளம் ஏற்காத பாடல்களை இடைச்செருகல் எனக் கழித்தும், சில சொற்களைத் திருத்தியும் அவர் பதிப்பித்தபோது, ஒரு வாசகரின் தன்பொருள் ஏனையோர் படிக்கும் பாடமாகிவிட்டது. சுவடி ஆதாரமின்றி இதை ஏற்பது கடினம்.

கயத்தாற்றிலிருந்து கோவில்பட்டி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய இடைசெவலில், 1923இல் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ரசிகமணியிடம் ஈடுபாடு கொண்டு குற்றாலம் சென்றுவந்தவர்கள். சிறுகதையாளராகவே நாம் பெரிதும் அறிந்த அழகிரிசாமி காவடிச்சிந்தையும் கம்பராமாயணக் காண்டங்களையும் பதிப்பித்தவர். ரசிகமணியின் பற்றாளர் ஒருவர் கம்பனை மீண்டும் பதிப்பிக்கப் புகுந்தது தற்செயலன்று என்றே கருதத் தோன்றுகிறது. அவருடைய பதிப்புப் பணி இன்னும் தனி ஆய்வுக்கு உரியது. தான் நேசித்த பாட்டை அடுத்தவரும் தம் பொருளைத் தாமே காணும்படி விட்டுவைப்பது பதிப்பாசிரியரின் கடமை. இராஜநாராயணன் தம் செவியை ஊராரின் பேச்சின்பால் திருப்பினார். அவருடைய கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்றவை எவரும் திருத்தி அழகாக்காத சொற்கள்.