சிங்கப்பூரில் ரெஸ்லிங்: எப்போ தொடங்குச்சு?

டபிள்யூடபிள்யூஇ பார்த்து வளர்ந்தவரா நீங்க? நம்ம ஊருக்கும் சொந்தமா ஓர் அமைப்பு இருக்கு: 2012இல் உருவான சிங்கப்பூர் புரோ ரெஸ்லிங். 'தி ஸ்டேட்மண்ட்' என்ற பெயரில் மோதும் ஆண்ட்ரூ டாங் அதன் நிறுவனர்களில் ஒருவர்.

ஆனால் கதை அதற்கும் பழசு. 1940களின் பிற்பகுதியில் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூர் வந்த தாரா சிங், இங்கே ஆலையில் வேலை பார்த்தபடி, கிரேட் வோர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் மல்யுத்தம் பழகினார். பிறகு இந்தியாவே கொண்டாடும் வீரரானார், திரைப்படங்களிலும் நடித்தார். கிரேட் வோர்ல்ட் பூங்கா இன்று இல்லை.

"எல்லாம் நடிப்புதானே?" முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பது உண்மை. விழும்போது வலிப்பதும் உண்மை. அதனால் பாதுகாப்பாக விழுவதுதான் அடிப்படைப் பாடம். அதைச் சொல்லித்தர உள்ளூரில் ஓர் இடம் வேண்டும். தாரா சிங்குக்கு அன்று அது கிடைத்தது. இன்றைய இளையர்களுக்கு மீண்டும் கிடைத்திருக்கிறது.